அச்சில் வராத எண்

பிளாஸ்டிக் சோலார் செல் பற்றிச் செய்தி வந்தால், செய்தித்தாள் மாதிரி சுருள் சுருளாக அச்சடிக்கலாம் என்று ஒரு வரி கூடவே வரும். நானும் அதை நம்பித்தான் புராஜெக்ட் எடுத்தேன்.

லேபில் நடப்பது வேறுங்க. சின்னக் கண்ணாடித் துண்டில் பாலிமர் கரைசலைச் சொட்டவிட்டு வேகமாகச் சுழற்றுவோம். ஸ்பின் கோட்டிங் என்று பெயர். பெரும்பகுதி தெறித்து வீணாகிவிடும். மிஞ்சுவது சுமார் 100 நானோமீட்டர் படலம். 19 சதவீதத்தைத் தாண்டிய சாதனைகள் பெரும்பாலும் இப்படிச் செய்தவைதான். செல்லின் பரப்போ சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது!

இந்த எண்ணைக் காட்டி அச்சு செல்லுக்கு விளம்பரம் செய்வது சரியில்லை என்பது என் கட்சி.

சிக்கல் காய்வதில் இருக்கிறது. படலத்தில் எலக்ட்ரானைக் கொடுக்கும் பாலிமரும் அதை வாங்கும் பொருளும் கலந்திருக்கும். வெளிச்சம் பட்டு உருவாகும் எக்ஸிடான் சுமார் 10 நானோமீட்டருக்குள் இரண்டும் தொடும் இடத்தை எட்ட வேண்டும். இல்லையென்றால் அந்த ஒளி வீண். சுழற்றும்போது படலம் சட்டென்று காயும். ஓடும் பிளாஸ்டிக் தாளில் குறுகிய பிளவு வழியாக மையை ஊற்றினால் ஈரம் அதிகம், மெதுவாகக் காயும். அதற்குள் பல கலவைகளில் இரண்டும் பிரிந்து கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். (பழைய பி3எச்டி-க்கு மட்டும் மெதுவாகக் காய்வது நல்லது. ஆனால் அதன் திறன் பொதுவாகக் குறைவு.) தவிர, குளோரோபென்சீன் நச்சுக் கரைப்பான். லேபில் இரண்டு சொட்டு பரவாயில்லை, தொழிற்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் காயவைப்பதா?

அமெரிக்காவின் கோனார்கா கதை தெரிந்திருக்கலாம். 2000-ல் வேதியியல் நோபல் வாங்கிய ஆலன் ஹீகர் அதன் நிறுவனர்களில் ஒருவர். 2008-ல் நியூ பெட்ஃபோர்டில் பழைய போலராய்டு ஆலையையே எடுத்து அச்சடிக்கத் தொடங்கினார்கள். 2012-ல் திவால். சிலிக்கான் பேனல் விலை சரிந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் சுருளில் வந்த செல்லின் திறன் லேப் எண்ணுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

டென்மார்க்கில் ஃபிரெடெரிக் கிரெப்ஸ் குழு, திறந்த காற்றில் சுருளாக அச்சடித்து, 1, 2 சதவீதம் என்று வந்ததை வந்தபடி வெளியிட்டது. கேட்டவர்களுக்கு இலவசமாகவும் அனுப்பியது. எனக்கு இவர்களைத்தான் பிடிக்கிறது.

நானும் அதே மையை பிளேடால் இழுத்துப் பூசிப் பார்த்தேன். ஸ்பின் கோட்டிங்கில் வந்ததில் பாதிதான் வந்தது. ரிப்போர்ட்டில் பெரிய எண்ணை மட்டும் போடச் சொல்கிறார்கள். இரண்டையும் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் வைவா, பார்ப்போம் :-)