கிருமிக்கு யூரியா உண்டு

“காகித ஆலைக் கழிவுநீரைக் கிருமியே சுத்தம் பண்ணிடும், மனுசக் கை படாது” என்றார் ஒரு கருத்தரங்கில் இன்ஜினியர். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

செய்யாற்றங்கரைக் காவாந்தண்டலம் காலனிக்காரன் நான். பழைய காகிதத்தை அரைத்துப் புதுசாக்கும் ஒரு வெளியூர் மில்லில் காண்ட்ராக்ட் கூலியாகத் தொட்டிக்குள் இறங்கியவன். அந்தக் கிருமியை எனக்குத் தெரியும், தோழர்களே.

அந்தத் தண்ணியில் மையும் கஞ்சியும் நாரும் நிறைய. தழைச்சத்தும் மணிச்சத்தும் பத்தாது. அதனால் யூரியாவும் டி.ஏ.பி.யும் அளந்து போடுவார்கள். நூறு பங்கு அழுக்குக்கு ஐந்து பங்கு தழைச்சத்து, ஒரு பங்கு மணிச்சத்து. காற்று ஊதும் மெஷின் நின்றால் சூப்பர்வைசர் ஓடி வருவார், கிருமி செத்துடுமாம். கிருமிக்குச் சாதி இல்லை பாருங்கள்!

அடியில் சேறு தங்கும். காற்றில்லாமல் அது புளித்தால், கூழில் போட்ட படிகாரத்தின் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக மாறும். முதலில் அழுகின முட்டை நாற்றம். வாயு கூடக்கூட நாற்றமே தெரியாது. “வாயு போயிடுச்சு, எறங்குடா” என்பான் மேஸ்திரி. போனது வாயு இல்லை, நம்ம மூக்கு. வாயு அளக்கிற மீட்டர் ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருக்கும். 2020 மே மாதம், சத்தீஸ்கர் ராய்கரில், ஊரடங்கில் மூடிக்கிடந்த காகித ஆலைத் தொட்டியைக் கழுவப்போன 7 பேர் வாயு தாக்கி ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள்.

வாயு சோதித்துச் சான்று எழுது, இல்லையென்றால் மூச்சுக்கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் கொடு என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் 36ஆம் பிரிவிலேயே எழுதியிருந்தது. யார் கொடுத்தான்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டமோ, மனித மலம் தேங்குவதைத்தான் தொட்டி என்கிறது. காகிதச் சேறு மலமில்லையாம்! சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆலைத் தொட்டி அதில் சேராது என்று முதலாளியின் வக்கீல் வாதாட வழி திறந்தே கிடக்கிறது. அந்த வரையறையைத் திருத்தச் சொல்லி நாம் இன்னும் ஒரு மறியல்கூட நடத்தவில்லை.

கிருமி முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் திறந்துவிட்டால், ஆற்றில் ஊற்று தோண்டும் நம்ம பெண்கள் குடத்தில்தான் அந்த மை வந்து விழும். சேற்றை இழுக்க பம்பு இருக்கிறது. பம்புக்குக் காசாகும், நம்ம ஆள் மலிவு.

வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த கருத்தரங்கில் அந்த இன்ஜினியரை எழுந்து நின்று கேளுங்கள்: தொட்டியடிச் சேற்றை அள்ளுவது யார் சார், எந்தத் தெருக்காரன்?