வட்டமாக அமர்ந்த பெண்கள்

தரையில் ஒரு பெண்ணுடலின் படம் வரையப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் மாதவிலக்கு, பிரசவம், ஆசை, வலி என்று தங்கள் உடல் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை மனம்விட்டுப் பேசுகிறார்கள். இன்னொரு காட்சியில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்தேன், எவ்வளவு விரைவாகச் செய்கிறேன் என்று மருத்துவர் ஒருவர் பெருமையோடு கணக்குச் சொல்கிறார். தீபா தன்ராஜ் 1991-இல் எடுத்த ‘சம்திங் லைக் எ வார்’ ஆவணப்படம் இந்த இரண்டு உலகங்களையும் அருகருகே வைக்கிறது.

படம் வெளிவந்து 23 ஆண்டுகள் கழித்து, 2014 நவம்பரில், சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாம் ஒன்றில் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள், 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. ஆனாலும் பாரம் இடம் மாறவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான தம்பதியரில் பெண் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டது 37.9 சதவீதம், ஆண் செய்துகொண்டது 0.3 சதவீதம்.

படத்தில் வட்டமாக அமர்ந்து அந்தப் பெண்கள் பேசியது அன்றே அரசின் காதில் விழுந்திருக்க வேண்டும்.

இந்தப் படத்தின் வேர் 1980-இல் பெங்களூரில் தொடங்கிய ‘யுகாந்தர்’ குழுவில் இருக்கிறது. தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ், ஒளிப்பதிவாளர் நவ்ரோஸ் கான்ட்ராக்டர் ஆகியோர் அதில் இருந்தனர். புணேயின் வீட்டு வேலைப் பெண்கள் சங்கமாகத் திரண்டதை ‘மோல்கரின்’ (1981) பதிவு செய்தது. கர்நாடகத்தின் நிப்பாணியில் புகையிலை ஆலைப் பெண்கள் நடத்திய போராட்டத்தை ‘தம்பாக்கு சாக்கிலா ஊப் ஆலி’ (1982) சொன்னது.

இவ்வகைப் படங்களைக் ‘குரலற்றவர்களின் குரல்’ என்று பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாராட்டு பிழையானது. கேமரா போய்ச் சேர்வதற்கு முன்பே நிப்பாணிப் பெண்கள் சங்கம் கட்டியிருந்தார்கள். படக்குழு அவர்களோடு தங்கி, எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று அவர்களோடு கலந்து பேசியது. நடந்து முடிந்த சம்பவங்களைத் தொழிலாளர்களே மீண்டும் நடித்துக் காட்டினார்கள். குடும்ப வன்முறை பற்றிய ‘இதி கதா மாத்ரமேனா’ (1983) குறும்படத்தை, ஹைதராபாதின் ஸ்த்ரீ சக்தி சங்கட்டனா அமைப்புப் பெண்கள் தங்களுக்குள் விவாதித்து உருவாக்கி, தாங்களே நடித்தார்கள். யார் கதையோ அவர்களுக்கே அதன் வடிவத்திலும் பங்கு உண்டு என்பதுதான் பெண்ணியத் திரைமொழியின் அடிப்படை. பெண்கள் படும் பாட்டைப் படம்பிடித்துவிட்டால் மட்டும் ஒரு படம் பெண்ணியப் படம் ஆகிவிடாது.

அதே வட்டம் தீபா தன்ராஜின் 2011-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், புதுக்கோட்டையில் தெரிந்தது. தலாக், ஜீவனாம்சம், வரதட்சணை என்று எந்தப் பிரச்சினையானாலும் ஆண்களே கூடி முடிவெடுத்த ஜமாஅத்தில் பெண்ணுக்கு உட்கார இடமில்லை. தாவூத் ஷரீஃபா கானம் முன்னெடுத்த தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் அதற்கு மாற்றாக எழுந்தது. அதைப் பற்றிய ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ படத்தில், பெண்கள் மனுக்களை வாங்குகிறார்கள், இரு தரப்பையும் விசாரிக்கிறார்கள், காவல் நிலையப் படியேறி வாதாடுகிறார்கள். மதத்துக்கு வெளியே போகாமல், அதற்குள்ளேயே நின்று நீதி கேட்கும் அவர்களின் துணிவைத் தீபா தன்ராஜ் பொறுமையாகப் பின்தொடர்கிறார்.

எடுப்பதைவிடக் கடினம், காட்டுவது. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ (2017) படத்தின் திரையிடலுக்குப் பல இடங்களில் காவல் துறை தடையாக நின்றது. திரையரங்குகளோ ஆவணப்படங்களுக்குப் பெரும்பாலும் கதவு திறப்பதில்லை.

யுகாந்தரின் படங்கள் பெர்லினில் உள்ள ஆர்சனல் நிறுவனத்தின் துணையோடு அண்மை ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. அவை திரைப்பட விழாக்களோடு நின்றுவிடக் கூடாது. நம் கல்லூரிகளும் தொழிற்சங்கங்களும் மகளிர் குழுக்களும் இந்தப் படங்களைக் கேட்டு வாங்கித் திரையிட வேண்டும். படம் முடிந்ததும் கலைந்து போகாமல், வட்டமாக உட்கார்ந்து பேசவும் வேண்டும்.