கிருமியின் வாயை மூடலாமா?

வாய் கொப்பளிக்கிற மருந்து விளம்பரங்களில் எப்பவும் ஒரே கதைதான்: வாய்க்குள்ள கிருமி இருக்கு, எல்லாத்தையும் அழிக்க வேணும். சூத்தைப் பல்லுக்குள்ள புழு இருக்கெண்டு சின்ன வயசில எங்களை வெருட்டினதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருபது வயசிலயே கடவாய்ப் பல்லைப் புடுங்கிப்போட்டு வந்த ஆக்கள் எங்கட கூட்டத்துக்குள்ளயே இருக்கினம். அதனால இதைச் சும்மா விட மனமில்லை.

வாய்க்குள் நூற்றுக்கணக்கான பற்றீரியா இனங்கள் வாழ்கின்றன. அதில் பெரும்பாலானவை எங்களோட சமாதானமாக இருப்பவை. பற்சிதைவில் பெரிய பங்கு ஸ்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்ற இனத்துக்கு. 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் சூத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது. சீனியைப் பசையாக்கிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும், அமிலமும் சுரக்கும். பிஎச் கிட்டத்தட்ட 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்.

ஆச்சரியம் என்னெண்டால், இதுகள் தங்களுக்குள்ள கதைக்குதுகள். ஒவ்வொரு கலமும் ஒரு சின்னப் பெப்ரைட்டை வெளியே விடும். ஆக்கள் குறைவெண்டால் அது உமிழ்நீரோட கழுவுப்பட்டுப் போகும். பற்படலத்துக்குள் நெருக்கமாகச் சேர்ந்துவிட்டால் செறிவு கூடும். கலத்தின் மேலுள்ள கொம்-டி என்ற வாங்கி அதைப் பிடித்து உள்ளே தகவல் கொடுக்கும். உடனே பரம்பரையலகுகள் சில விழித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்துப் பற்றீரியாக்களைக் கொல்லும் மியூட்டசின் சுரக்கும்; செத்ததுகளின்ர டிஎன்ஏயையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொலையும் களவும் ஒரே சமிக்ஞையில்!

அயலவர்களும் சும்மா இருக்கிறதில்லை. ஸ்ரெப்டோகொக்கஸ் கோர்டோனி என்ற இனம் அந்தப் பெப்ரைட்டை நொதியத்தால் வெட்டி எறிந்துவிடும். கண்மூடித்தனமாக எல்லாக் கிருமியையும் அழிக்கும் மருந்து இந்தக் காவல்காரரையும் சேர்த்துத்தானே கொல்லுது?

அதனால்தான் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வுகூடம் ஒன்று எடுத்த வழி எங்களுக்குப் பிடிச்சிருக்கு. மியூட்டன்ஸின் சமிக்ஞைப் பெப்ரைட்டில் ஒரு துண்டை எடுத்து, கொல்லும் பெப்ரைட்டு ஒன்றோடு ஒட்டினார்கள். சி16ஜி2 என்று பெயர். மற்றதுகளை அதிகம் தொடாமல் மியூட்டன்ஸைத் தேடிப்போய்த் தாக்கும். மனிதரில் பரிசோதிக்கிற கட்டம் வரைக்கும் போனது.

ஆனாலும் இதை மந்திரமாக்க வேண்டாம். அமிலம் செய்யிற இனம் மியூட்டன்ஸ் மட்டுமில்லை. ஒரு இனத்தின்ர வாயை மூடிப்போட்டு, நாள் முழுக்கச் சீனித் தேத்தண்ணியும் சோடாவும் குடிச்சால் அந்த இடத்தைப் பிடிக்க வேற ஆள் வரும். எவ்வளவு சீனி எண்டதைப் போலவே எத்தினை தரம் எண்டதும் முக்கியம். ஒவ்வொரு மிடறுக்கும் அமிலம் திரும்ப ஏறும். கொப்பளிக்கிற மருந்து வாங்கிற காசுக்குப் புளோரைட்டுப் பற்பசை வாங்கலாம். இரவு படுக்க முதல் பல்லு மினுக்கிப்போட்டு நுரையைத் துப்புங்கோ, ஆனா தண்ணி விட்டு அலசாதேங்கோ. புளோரைட்டு கொஞ்ச நேரம் பல்லிலயே கிடக்கட்டும்.