எல்லாப் பழியும் பிரஷர் மேலா?

மூளையில் ரத்தக்கசிவு என்றால் "பிரஷர் ஏறி ரத்தக் குழாய் வெடித்துவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். தவறாமல் மாத்திரை சாப்பிட்டவருக்கு அது வந்தாலும், எங்கோ விட்டிருப்பார் என்று அவர் மேலேயே பழி விழுகிறது. உயர் ரத்த அழுத்தம் பெரிய காரணம் என்பதில் சந்தேகமில்லை. அது மட்டுமே காரணம் என்பதைத்தான் ஏற்க முடியாது. ஸ்கேனில் ரத்தம் தேங்கிய இடமே இதைச் சொல்லிவிடும். ரத்த அழுத்தம் பெரும்பாலும் தலாமஸ் போன்ற ஆழமான பகுதிகளுக்குப் போகும் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. முதியவர்கள் பலருக்குக் கசிவு வருவதோ மூளையின் மேற்புறத்தை ஒட்டி. அங்கே பல நேரம் குற்றவாளி வேறு. அமிலாய்டு பீட்டா என்ற புரதம் குழாய்ச் சுவரில் படிந்து, அதன் தசைச் செல்களை அழித்து, சுவரை எளிதில் உடையும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் சேர்வதும் இதே புரதம்தான்.

அந்த வயதில் யாருக்குத்தான் பிரஷர் இல்லை, அமிலாய்டு வெறும் துணைக் காரணமாக இருக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடை நெதர்லாந்தின் காட்வைக் என்ற கடலோர ஊரில் இருக்கிறது. அங்குள்ள சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக ஐம்பது வயதையொட்டி மூளையில் ரத்தக்கசிவு வந்தது. ரத்த அழுத்தம் சீராக இருந்தவர்களும் தப்பவில்லை. அமிலாய்டு புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்ததே காரணம் என்று 1990இல் தெரியவந்தது. பிரஷரின் துணை இல்லாமலே அமிலாய்டு குழாயை உடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மறுபடி கசியும் வாய்ப்பும் இரண்டிலும் வேறு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான கணக்கின்படி, அமிலாய்டால் கசிந்தவர்களுக்கு அது ஆண்டுக்கு 7.4 சதவீதம், மற்றவர்களுக்கு 1.1 சதவீதம்.

படிந்த புரதத்தைக் குழாயிலிருந்து நீக்க மருந்தில்லாதபோது பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பது அடுத்த வாதம். நிறைய ஆகும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு இதைப் பொறுத்தும் மாறுகிறது. அல்சைமருக்கு 2023இல் அமெரிக்கா அனுமதித்த லெக்கானெமாப் என்ற மருந்து மூளையில் வீக்கத்தையும் நுண்கசிவையும் உண்டாக்கக்கூடியது. இத்தகைய குழாய்க் கேட்டின் அடையாளமாக இருக்கக்கூடிய நுண்கசிவுகள் ஏற்கெனவே நான்குக்கு மேல் இருந்தவர்களை அதன் பெரிய சோதனையில் சேர்க்கவே இல்லை. இதையெல்லாம் படித்துவிட்டுப் பிரஷர் மாத்திரையைத் தூக்கிப் போடுவார்களே என்ற பயமும் வேண்டாம். 'புரோகிரஸ்' ஆய்வில் ரத்த அழுத்தத்தைக் குறைத்தபோது அமிலாய்டு வகைக் கசிவும் 77 சதவீதம் குறைந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் திசை தெளிவு. ஆகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவருக்கு மூளையின் மேற்புறத்தில் கசிவு வந்திருந்தால், சி.டி. ஸ்கேனோடு நின்றுவிடாமல், நுண்கசிவுகளைக் காட்டும் எம்.ஆர்.ஐ. தேவையா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.