24-வது வரி



சென்ற இதழில் பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையைப் பற்றி எழுதியதற்குக் கடிதங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் எழுதியவை. கேன்டீன் சாப்பாடு, யூனியன் தேர்தல், ஷிப்ட் முடிந்து வாளையார் வழியாக வீடு திரும்பிய காலம் என்று அவர்கள் எழுதியவற்றை அப்படியே உள்ளே போட்டிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் நான் பேச வந்தது வேறொரு கடிதத்தைப் பற்றி. எழுதியவர் இதே ஊர்ப் பெண். கோயம்புத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் கேட்டது இதுதான்: "டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் செஞ்ச ஊருங்க இது. எக்ஸ்சேஞ்ச் வந்த பிறகு ஆபரேட்டருங்க என்ன ஆனாங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா சார்?"

நியாயமான கேள்வி. இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸின் பாலக்காட்டுத் தொழிற்சாலை 1976-ல் இங்கே வந்தது. எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச்கள் இங்கிருந்து போயின. அது எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட இடம், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதற்கு முன்பு வங்கி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் எங்கே போனாலும் டெலிபோன் போர்டின் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். காதும் ஞாபகசக்தியும் இருந்தால் போதும் என்ற அந்த வேலை, பார்வையற்ற பலருக்குக் கைகொடுத்தது. அழைப்புகள் தானாகவே போய்ச்சேரத் தொடங்கியதும் அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

நம் வாசகிக்குக் கிடைத்தது மெயின்பிரேம் என்ற பெருங்கணினியில் வேலை. ரயில் ரிசர்வேஷன் கவுண்டரில் கண்ணாடிக்கு அப்பால் எட்டிப் பார்த்தவர்களுக்கு, படமோ பொம்மையோ இல்லாமல் வெறும் எழுத்தாக ஓடும் திரை தெரிந்திருக்கும். மெயின்பிரேம் திரையும் கிட்டத்தட்ட அதே ஜாதி. ஐ.பி.எம். 1971-ல் கொண்டுவந்த 3270 டெர்மினல்தான் இதற்குத் தாய். 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த 80, 1928-ல் வந்த துளை அட்டையின் 80 பத்திகளிலிருந்து வந்த கணக்கு. இன்று அந்த டெர்மினல் பெட்டி யார் மேசையிலும் இல்லை. சாதாரணக் கணினிக்குள் எமுலேட்டர் என்ற மென்பொருள் அதைப்போல நடிக்கிறது. கடல் கடந்து எங்கோ ஒரு வங்கியின் கணக்குகள் இப்படித்தான் கோயம்புத்தூர் மேசைக்கு வருகின்றன.

"இந்தப் பழைய பச்சை எழுத்துத் திரை உங்களுக்குச் சிரமமாக இருக்குமே?" என்று போனில் கேட்டேன். சிரித்தார். "எழுத்து மட்டும் இருக்கறதுதாங்க எனக்கு வசதி. புதுசா வர்றதுதான் பயம்."

அவர் வேலை செய்யும் விதத்தைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் காதில் படிக்கிறது. அது படிக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, அவருக்கோ அதுவே நிதானம். டேப் அழுத்தினால் கர்சர் அடுத்து நிரப்ப வேண்டிய கட்டத்துக்குப் போகிறது. எப் 8 அழுத்தினால் அடுத்த பக்கம், எப் 3 அழுத்தினால் வெளியே. கணக்கு எண் எந்த வரியில், எத்தனையாவது எழுத்தில் தொடங்கும் என்பது பல வருஷமாக மாறவில்லை. இருட்டிலும் நம் வீட்டு சுவிட்சைக் கை தேடிப் போய்விடுவதைப் போல விரல்கள் போகின்றன. 40 எழுத்து காட்டும் பிரெய்ல் பட்டை ஒன்றும் வைத்திருக்கிறார். ஒரு வரியைச் சரிபாதியாக இரண்டு தடவையில் தடவிப் படித்துவிடலாம்.

சிக்கல் வருவது என்டர் தட்டிய பிறகு. மெயின்பிரேம் ஒவ்வொரு எழுத்தாகப் பதில் பேசாது. நிரப்பிய கட்டங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் முழுப் பக்கத்தை மறுபடி திருப்பி அனுப்பும். இதில் எது புதிது, எது முன்பே இருந்தது என்று ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாது. அவர் பயன்படுத்தும் திரைகளில், தப்பு நடந்தால் அதைச் சொல்லும் செய்தி கடைசியில், 24-வது வரியில், சிவப்பாக வந்து நிற்கும். பக்கத்து மேசைக்காரரின் கண் தானாக அங்கே போகும். இவருக்குச் சிவப்பு ஏது? அதற்கும் கீழே நிலையைக் காட்டும் வரி ஒன்று உண்டு. மெயின்பிரேம் வேலையாக இருந்தால் அங்கே ஒரு எக்ஸ் குறி வரும், கீபோர்டு பூட்டிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் அடித்ததெல்லாம் வீண். எழுதக் கூடாத இடத்தில் ஒரு எழுத்து பட்டாலும் இதே பூட்டுதான், ரீசெட் அழுத்தினால்தான் திறக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணினி செத்துப்போய்விட்டது என்று இதனாலேயே பலமுறை பதறியிருக்கிறார்.

இதைத் தீர்த்தது பெரிய திட்டமோ பெரிய செலவோ இல்லை. கூட வேலை பார்க்கும் ஒரு தம்பி, ஸ்கிரீன் ரீடருக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார். ஒரு விசையைத் தட்டினால் 24-வது வரியை மட்டும் படிக்கும், எக்ஸ் குறி வந்தால் பீப் அடிக்கும். எமுலேட்டர் திரையிலுள்ள எழுத்துகளை வேறு மென்பொருள்கள் எடுத்துக்கொள்ள ஹெச்.எல்.எல்.ஏ.பி.ஐ. என்றொரு வாசல் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் தம்பி அதைத் தட்டியதுதான் உபகாரம்.

யோசித்துப் பார்த்தால் மெயின்பிரேமுக்கும் ஸ்கிரீன் ரீடருக்குமான உறவு பழையது. முதன்முதலில் வந்த ஸ்கிரீன் ரீடர்களில் ஒன்று, மெயின்பிரேம் செய்த ஐ.பி.எம். வீட்டிலேயே 1980-களில் பிறந்தது. அங்கே ஆராய்ச்சி செய்த கணித அறிஞர் ஜெஸ்ஸி ரைட் பார்வையற்றவர். அவரிடம் மாணவராக இருந்த ஜிம் தாட்சரும் அவரும் சேர்ந்துதான் அந்த வேலையைத் தொடங்கினார்கள். விண்டோஸ் வந்து எல்லாம் படமாக மாறியபோது ஸ்கிரீன் ரீடர்கள் திணறிப்போயின. டெட் ஹென்டரின் ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் 1995-ல் விண்டோஸுக்கு வந்தது. ஹென்டர் மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து, விபத்தில் பார்வை இழந்தவர். ஜாஸின் விலை நம் ஊர்ச் சம்பளத்துக்கு எட்டாத உயரம். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், அவரும் பார்வையற்றவர், 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கணினியில் காலெடுத்து வைத்தது அதனால்தான்.

வாசகியின் பயத்துக்கு வருகிறேன். பாதுகாப்புக்காக என்று சொல்லி, பல நிறுவனங்கள் எமுலேட்டரை வேறொரு சர்வரில் ஓடவிட்டு, அதன் படத்தை மட்டும் மேசைக்கு அனுப்புகின்றன. பார்ப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. மேசையில் இருக்கும் ஸ்கிரீன் ரீடருக்கோ அது எழுத்தில்லாத வெற்றுப் படம். அந்த சர்வரிலும் ஸ்கிரீன் ரீடரைப் போட அனுமதி கேட்டால், கோப்பு மாதக்கணக்கில் சுற்றும். இன்னொரு பக்கம், பச்சைத் திரைக்கு மேல் அழகான இணையப் பக்கத்தைப் போர்த்திவிடுகிறார்கள். அதில் பாதிப் பட்டன்களுக்குப் பெயரே வைப்பதில்லை. 'பட்டன், பட்டன், பட்டன்' என்றுதான் காதில் விழும். எது சேமிக்கும், எது அழிக்கும்? பழைய கருவி பார்வையற்றவருக்கு ஒத்துவராது, புதியது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலதிகாரிகள் நினைக்கிறார்கள். எனக்கு இவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. பழையதோ புதியதோ, அந்த நாற்காலியில் இருப்பவரை முன்கூட்டியே கூப்பிட்டுக் கேட்டார்களா என்பதுதான் விஷயம். ஆபரேட்டர்களை அன்று யாரும் கேட்கவில்லை.

இன்று கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தது. மென்பொருள், இணையதளம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநிலையும் உண்டு.

கஞ்சிக்கோட்டிலும் பாலக்காட்டுப் புதுச்சேரிப் பஞ்சாயத்துச் சுற்றுவட்டாரத்திலும் கொள்முதல் பிரிவிலோ கணினிப் பிரிவிலோ இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மென்பொருள் டெண்டரில் அந்தத் தரநிலை எண்ணை ஒரு நிபந்தனையாகச் சேர்த்து, விற்க வருபவரிடம் ஸ்கிரீன் ரீடரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மானிட்டரை அணைத்துவிட்டு. டெலிபோன் போர்டில் வேலை பார்த்த பார்வையற்ற ஆபரேட்டர்கள் யாரையாவது தெரிந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். அவர்களைச் சந்தித்து எழுத நம் வாசகியே முன்வந்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்