ராணுவச் செவிலியருக்கு மயக்கவியல் படிப்பு எப்போது?

சங்கரன்கோவில் வட்டாரத்தில் பிளஸ் டூ உயிரியல் முடித்து நர்சிங் படிக்க நினைக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு ராணுவச் செவிலியர் பணியைப் பற்றித் தெரியும்? புனே ராணுவ மருத்துவக் கல்லூரியிலும் மும்பை, கொல்கத்தா, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஊர்களில் உள்ள முப்படை மருத்துவமனைகளின் நர்சிங் கல்லூரிகளிலும் ஆண்டுக்கு 220 இடங்கள் இருக்கின்றன. நான்கு ஆண்டு பி.எஸ்சி. படிப்பு. தங்குமிடமும் சாப்பாடும் அரசுச் செலவு, கையில் உதவித்தொகையும் உண்டு. படித்து முடித்தால் லெப்டினன்ட். விசைத்தறிக் கூலியிலும் பூ மார்க்கெட் வருமானத்திலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீடுகளுக்கு இதன் மதிப்பை யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தப் படிப்பில் சேர்ந்து, பட்டம் வாங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் தேறிய ஒரு ராணுவச் செவிலியர் அடுத்ததாக மயக்கவியல் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்பினால் என்ன செய்வார்? ஒன்றும் செய்ய முடியாது. மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர் என்ற பதிவே நம் நாட்டில் கிடையாது. அறுவை அரங்கு, தீவிர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை என்று செவிலியருக்கான சிறப்புப் பட்டயங்கள் நீண்டுகொண்டே போகின்றன. மயக்கவியலுக்கு மட்டும் அதில் இடமில்லை.

அமெரிக்க ராணுவத்தில் நிலைமை வேறு. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள ராணுவ முகாமில் செவிலியருக்கென்றே மயக்கவியல் முதுநிலைப் படிப்பு நடக்கிறது. பெய்லர் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவம் பெற்றவர்களே விண்ணப்பிக்கலாம். படிப்புக்கு ஈடாகக் குறிப்பிட்ட ஆண்டுகள் ராணுவத்தில் பணியாற்ற வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து போய் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற ஒரு செவிலியர் அந்தப் படிப்புக்கு மனுப்போடலாம். இந்திய ராணுவச் சீருடை அணிந்த அவருடைய தங்கைக்குச் சொந்த நாட்டில் அந்த வாய்ப்பு இல்லை.

இதை இந்திய ராணுவம் மாற்ற வேண்டும். ராணுவச் செவிலியர் பணிக்குள் மயக்கவியல் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

இந்த ஊர்ப் பத்திரிகைக்கு ராணுவத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. நள்ளிரவில் பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு அவசரமாக சிசேரியன் தேவைப்படுகிறது. கத்தி பிடிக்கும் டாக்டர் இருக்கிறார், மயக்க டாக்டர் இல்லை. உடனே 108-ஐக் கூப்பிட்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாகிறது. சிறிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளுக்கு இந்த நிலைமை புதிதல்ல. அரசுக்கும் இது தெரியும். தெரிந்ததால்தான் எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த டாக்டர்களுக்கு 18 வாரங்கள் உயிர்காக்கும் மயக்கவியல் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த இளம் டாக்டர் மேற்படிப்புக்குக் கிளம்பிவிட்டால் அவர் கற்ற பயிற்சியும் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது. 18 வாரப் பயிற்சியை ஏற்றுக்கொண்ட நாம், வென்டிலேட்டர் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்று பழகிய செவிலியருக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி என்றால் ஏன் தயங்க வேண்டும்?

மயக்கவியலில் செவிலியருக்கு இடம் கொடுத்தது பெரும்பாலும் போர்க்களம்தான். முதல் உலகப் போரில், பாரிஸ் அருகே நெய்யி என்ற ஊரில் இருந்த அமெரிக்க மருத்துவமனைக்கு அறுவை நிபுணர் ஜார்ஜ் கிரைலுடன் சென்ற அகதா ஹாட்ஜின்ஸ் ஒரு செவிலியர். காயம்பட்டு வந்தவர்களுக்கு மயக்கம் கொடுத்ததோடு மற்றவர்களுக்கும் அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தார். 1931-இல் அமெரிக்க மயக்கவியல் செவிலியர் சங்கம் பிறந்ததும் அவர் முயற்சியால்தான். டாக்டர்கள் போதாமல் தவித்த பிரிட்டிஷ் ராணுவமும் 1918-இல் தன் செவிலியர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தது. போர் முடிந்ததும் கைவிட்டது. இந்தியா இன்றும் பிரிட்டனின் வழியில்தான் இருக்கிறது. நம் ராணுவச் செவிலியர் பணியும் 1888-இல் பம்பாயில் வந்திறங்கிய பிரிட்டிஷ் செவிலியர்களிடமிருந்து தொடங்கியதுதானே.

மயக்கவியல் மருத்துவர்களின் எதிர்ப்பைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. மூச்சுக்குழாயில் குழாய் இறங்காத அந்த இரண்டு நிமிடங்களில் நோயாளியின் உயிர் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி பெரியது. டாக்டரின் மேற்பார்வை இல்லாமல் செவிலியர்கள் பணியாற்றிய அமெரிக்க மாநிலங்களில் பாதிப்பு கூடவில்லை என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவோ, இரு தரப்பில் எது மேல் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2014-இல் முடித்தது. எனவே, அமெரிக்காவின் சில மாநிலங்களைப்போலத் தனித்து இயங்கும் உரிமையை இங்கே கேட்பது அவசரம். நாம் பார்க்க வேண்டியது பிரான்ஸை. அங்கே அனுபவம் உள்ள செவிலியர் இரண்டு ஆண்டுகள் தனிப் பயிற்சி பெற்று, மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பில், அவர் அருகில் இருக்க வேலை செய்கிறார். ஒரு டாக்டர் இரண்டு அரங்குகளைக் கவனிக்க முடிவது அதனால்தான்.

இப்படிப்பட்ட முயற்சிக்கு ராணுவ மருத்துவமனைகளை விடப் பொருத்தமான இடம் இல்லை. மேற்பார்வையிட மயக்கவியல் நிபுணர்கள் அங்கேயே இருக்கிறார்கள். பதிவேடுகள் ஒழுங்காக இருக்கும். யார் எதற்குப் பொறுப்பு என்பதில் குழப்பம் வராது. பயிற்சி பெற்றவர் ஊர் விட்டு ஊர் மாறினாலும் படைக்குள்ளேயே இருப்பார். குறுகிய காலப் பணி முடித்து வெளியே வருபவர்கள் அந்தத் திறமையோடு பொது மருத்துவமனைகளுக்கு வருவார்கள். அதற்குள் அவர்களைப் பதிவுசெய்யும் ஏற்பாடு மட்டும் இருக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய செவிலியர், பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் வந்திருப்பதால் அதற்கும் இது நல்ல நேரம். தீவிர சிகிச்சையில் செவிலியருக்கு முதுநிலைப் பயிற்சியை ஏற்கெனவே 2016-இலேயே தொடங்கிய நாடு இது.

ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தப் படிப்புக்கு வருபவர்கள் முப்பது வயதை ஒட்டியவர்களாக இருப்பார்கள். கல்யாணமும் குழந்தையும் அவர்கள் விண்ணப்பத்தில் குறையாகிவிடக் கூடாது. ராணுவச் செவிலியர் பணியின் பழைய வரலாறு இதில் நமக்கு நம்பிக்கை தரவில்லை. திருமணம் செய்துகொண்டதற்காக 1988-இல் பணிநீக்கம் செய்யப்பட்ட லெப்டினன்ட் செலினா ஜானுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில்தான். அந்த விதியையே 1995-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நியாயம் கிடைக்க முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. (ஆண்களுக்கு இந்தப் பணியில் இடமே இல்லை என்பது தனியாக எழுத வேண்டிய அநியாயம்.)

மேலே படிப்பு வருவதற்கு முன், கீழே வாசலில் கூட்டம் வர வேண்டும். தமிழகத்தில் நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடக்கிறது. அதனால் நர்சிங்தான் படிக்கப் போகிறேன் என்று முடிவெடுத்த மாணவி நீட் எழுதுவதில்லை. ராணுவ நர்சிங்குக்கோ 2022 முதல் நீட் மதிப்பெண் கட்டாயம். அதன் பிறகு பொது அறிவுத்திறன், ஆங்கிலத் தேர்வு, உளவியல் சோதனை, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாக இருக்கின்றன. நீட்டை எதிர்க்கும் தமிழகத்தின் வாதம் சரியானதே. ஆனாலும் அது இருக்கும்வரை, எழுதாத தேர்வின் பெயரால் நம் பிள்ளைகள் 220 இடங்களையும் பக்கத்து மாநிலங்களுக்கு விட்டுக்கொடுப்பது யாருக்கும் லாபமில்லை. தென்காசி மாவட்டக் கல்வித் துறை ஒவ்வோர் அரசு மேல்நிலைப் பள்ளியிலும் பிளஸ் ஒன் சேர்ந்தவுடனே உயிரியல் மாணவிகளுக்கு இந்த வழியைச் சொல்ல வேண்டும். நீட் விண்ணப்பக் கட்டணத்தை அரசே கட்டலாம். 152 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பதைக் கடைசிக் கட்டத்தில் டெல்லியில் தெரிந்துகொள்ளும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வர வேண்டாம்.

பாதுகாப்பு அமைச்சகம் புனேயில் ஒரு சிறிய அணியோடு இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். முதல் இரண்டு அணிகளின் அறுவை அரங்கப் பதிவுகளை மயக்கவியல் மருத்துவர்களே தணிக்கை செய்து வெளியிடட்டும். எண்கள் மோசமாக வந்தால் நிறுத்திவிடலாம். நாமும் இதே பக்கத்தில் அதை ஒப்புக்கொள்வோம்.