சொந்த லிங்க் போடுறது குற்றமா? ஒரு த்ரெட்

1/ டாக்டர் ஒருத்தர் தான் எழுதின கட்டுரையோட லிங்க்கைப் போட்டா உடனே ரெண்டு குரல் வரும். "டாக்டருக்கு எதுக்குங்க விளம்பரம்?" இது ஒண்ணு. "இது விழிப்புணர்வு சார், தப்பாப் பேசாதீங்க." இது இன்னொண்ணு. ரெண்டு பேரோடயும் எனக்குச் சண்டை இருக்கு.

2/ முதல்ல சட்டம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகள், 2002. நேரடியாகவோ மறைமுகமாகவோ நோயாளிகளைத் தன்கிட்ட இழுப்பது நெறிமீறல். கிளினிக் ஆரம்பிக்கிறேன், முகவரி மாறிடுச்சு, கொஞ்ச நாள் இருக்க மாட்டேன், ஃபீஸ் இவ்வளவு. இந்த மாதிரி சில அறிவிப்புகளைப் பத்திரிகையில் கொடுக்கலாம். லெட்டர்ஹெட்லயும் போர்டுலயும் சொந்த போட்டோ போட்டாலே அது சுயவிளம்பரம்.

3/ "பாத்தீங்களா, வாயே தொறக்கக் கூடாது"ன்னு குதிக்கிறவங்க அடுத்த அத்தியாயத்தைப் படிக்கலை. அதே விதிகள், 7.11. பொது சுகாதாரம் பற்றி மருத்துவர் தன் சொந்தப் பெயரிலேயே எழுதலாம். கூட்டத்தில், ரேடியோவில், டிவியில், இன்டர்நெட் சாட்டில் பேசலாம். ஆமா, 2002லயே இன்டர்நெட் சாட்! அது தன்னை விளம்பரப்படுத்துவதாகவோ ஆள் பிடிப்பதாகவோ ஆகிடக் கூடாது. கோடு அங்கதான் இருக்கு.

4/ அதனால "லிங்க் யாரோடது?"ங்கிற கேள்வியே வேஸ்ட். அந்த லிங்க்கால யாருக்கு லாபம், அதை முன்கூட்டியே சொன்னாரா? கேட்க வேண்டியது இது.

5/ உதாரணம் வேணுமா? ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். 1998ல் லான்செட் இதழில் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை. எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்புன்னு உலகமே பயந்தது. தடுப்பூசிக் கம்பெனிகள் மேல வழக்கு போடத் தயாரான வக்கீல் தரப்பிலிருந்து அவருக்குப் பணம் வந்ததை 2004ல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். தரவுகளிலும் கோளாறு. 2010ல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவர் பெயரும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. தன் ஆய்வைத் தானே பரப்பினதுக்காக அவரை யாரும் தண்டிக்கலை. அந்தப் பணத்தை மறைச்சதும் அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒண்ணு.

6/ இப்போ "டாக்டர் பேசவே கூடாது" கட்சிக்கு. எங்க ஓபியில ஒரு நோயாளிக்குக் கிடைக்கிறது ரெண்டு மூணு நிமிஷம். அவர் வீட்டுக்குப் போனதும் போன்ல யாரோ ஒருத்தர் அரை மணி நேரம் "இன்சுலினை நிறுத்துங்க, இந்தக் கஷாயம் போதும்"னு பேசுறார். டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினா ஓரிரு நாள்ல கீட்டோஅசிடோசிஸ். உயிரே போகும்.

7/ சர்க்கரையைக் குணப்படுத்துறேன்னு மருந்து விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு சட்டப்படியே குற்றம். இருந்தும் விளம்பரம் ஓடிக்கிட்டேதான் இருக்கு. கவுன்சில் விதி கட்டுப்படுத்துறது பதிவு பெற்ற டாக்டரை மட்டும்தான். படிச்சவன் வாயைக் கட்டிட்டு போலிக்கு மைக் கொடுத்தா, அதுக்குப் பேர் நெறியா?

8/ அடுத்து "விழிப்புணர்வு" கட்சி. எட்டு நிமிஷம் பயமுறுத்திட்டு, முக்கியமான இடம் வரும்போது "மீதியை நேர்ல வாங்க, சொல்றேன்"னு ஒரு போன் நம்பர், கூடவே ஒரு பேக்கேஜ் விலை. சார், இது விழிப்புணர்வு இல்லை, வியாபாரம். வியாபாரம் பண்ணுங்க. அதுக்கு ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கிட்டு சேவைன்னு சொல்லாதீங்க.

9/ தேசிய மருத்துவ ஆணையம் ஆகஸ்ட் 2023ல் புது விதிகள் கொண்டுவந்தது. காசு கொடுத்து லைக், ஃபாலோயர் வாங்கக் கூடாது. குணமான நோயாளி படத்தைப் போட்டுப் பெருமையடிக்கக் கூடாதுன்னு அதுல இருந்தது. ஜெனரிக் மருந்து விவகாரத்தில் எதிர்ப்பு கிளம்ப, அதே மாதம் மொத்த விதிகளையும் நிறுத்தி வச்சாங்க. குளிப்பாட்டின தண்ணியோட குழந்தையையும் கொட்டின கதை.

10/ என்னைக் கேட்டா நாலு விதி போதும்.
அ. "இது நான் எழுதினது" என்று முதல் வரியிலேயே சொல்லு.
ஆ. இதனால் உனக்குக் காசோ நோயாளியோ வருமா? அதையும் சொல்லு.
இ. முக்கியமான தகவலைப் பதிவிலேயே கொடு. லிங்க்கைத் தட்டாதவருக்கும் பயன்படணும்.
ஈ. நோயாளியின் முகம், ஸ்கேன், கண்ணீர் எதையும் விளம்பரத்துக்கு எடுக்காதே.

11/ சொன்ன விதி எனக்கும்தான். நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிற எம்பிபிஎஸ். தனி கிளினிக் கிடையாது, இந்தத் த்ரெட்டால பைசா வரவு கிடையாது.

12/ மக்களே, அடுத்த தடவை டாக்டர் வீடியோ பார்க்கும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க. கடைசி வரைக்கும் பார்த்ததுல வீட்ல நீங்களே செய்யக்கூடிய ஒரு விஷயமாவது கிடைச்சுதா, இல்லை போன் நம்பர் மட்டும்தானா? போன் நம்பர் மட்டும்னா, நீங்க பார்த்தது விளம்பரம். அதை நம்பி எந்த மாத்திரையையும் நிறுத்திடாதீங்க.